சனிக்கிழமை ஸ்கூலா, வெள்ளிக்கிழமை லீவா?

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வாசகர் "வாரத்துக்கு நாலு நாள் மட்டும் ஸ்கூல் வெச்சா என்ன?"ன்னு கேட்டிருந்தார். "அஞ்சு நாள் போதும், ஆறும் வேணாம் நாலும் வேணாம்"னு ஒரே வரில பதில் போட்டேன், அதுக்கு வந்த லெட்டரையும் மெயிலையும் பாத்தா சினிமா கேள்விக்கு கூட இவ்ளோ வந்ததில்ல. அதனால இந்த வாரம் முழுக்க இதேதான், கிசுகிசு கேட்டவங்க அடுத்த வாரம் வாங்க.

கேள்வி: சார், நான் ஐடில இருக்கேன், சனி ஞாயிறு லீவு. ஆனா ஆறாவது படிக்கிற பையனுக்கு பாதி சனிக்கிழமை ஸ்கூல் வெச்சிடறாங்க. ஊருக்குக் கூட போய்ட்டு வர முடியல. யார் சார் கண்டுபிடிச்சாங்க இந்த சனிக்கிழமைய?
– வாசகர், சோழிங்கநல்லூர்

எல்லாம் கூட்டல் கழித்தல் கணக்குதான் சார். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு, ஒண்ணுலேந்து அஞ்சாவது வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், ஆறுலேந்து எட்டு வரைக்கும் 220 நாள்னு. இப்ப நீங்களே கணக்கு போடுங்க, ஜூன்ல தொறந்து ஏப்ரல்ல மூடறோம், நடுவுல காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, பொங்கல் எல்லாம் கழிச்சா தோராயமா 43 வாரம் தேறும். அஞ்சு நாள் வீதம் 215. அதுல ஆயுத பூஜை, தீபாவளி, ரம்ஜான், குடியரசு தினம்னு வார நாள்ல விழற லீவு எல்லாம் போச்சுன்னா 200 பக்கத்துல வந்து நிக்கும், நடுவுல ஒரு புயல் வந்தா அதுவும் காலி. பத்தாத நாளை எங்கேந்து எடுக்கறது? சனிக்கிழமைலேந்துதான். 2024ல நம்ம ஊர்ல 220 நாள்னு காலண்டர் போட்டாங்க, ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் சத்தம் போட்ட பிறகு 210ன்னு இறக்கினாங்க, அந்த பத்தும் பெரும்பாலும் சனிக்கிழமைங்கதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே அட்டவணை நாளை மட்டும் சொல்லல, மணி நேரத்தையும் சொல்லுது, சின்ன கிளாஸுக்கு 800 மணி நேரம், பெரிய கிளாஸுக்கு 1000. 800ஐ 200ஆல வகுத்தா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வருது. நம்ம ஸ்கூல்ல எந்தப் புள்ளை நாலு மணி நேரத்துல வீட்டுக்கு வருது சொல்லுங்க? மணி நேரம் எப்பவோ நிரம்பி வழியுது, நாள்தான் இடிக்குது. அதனால சனிக்கிழமைய விட்டுட்டா புள்ளைங்க படிப்பு கெட்டுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கெடறது ரிஜிஸ்டர்ல இருக்கற எண்ணிக்கை மட்டும்தான்.

கேள்வி: அண்ணே, அமெரிக்காவுலயே வாரத்துக்கு நாலு நாள் ஸ்கூல் வந்துடுச்சாமே? அவங்களே பண்றாங்க, நாம ஏன் பண்ணக்கூடாது?
– வாசகர், மதுரை

அமெரிக்கா முழுக்க வரலண்ணே, அங்கங்க வந்திருக்கு. 1970கள்ல பெட்ரோல் விலை தாறுமாறா ஏறினப்ப சில கிராமத்து மாவட்டங்கள்ல, பஸ்ஸை ஒரு நாள் நிறுத்தினா டீசல் மிச்சம், ஹீட்டர் போடற செலவு மிச்சம்னு ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு கொலராடோ மாநிலத்துல இருக்கற 178 கல்வி மாவட்டத்துல பாதிக்கு மேல நாலு நாள்தான். ஆனா அதுல நிறைய, மொத்தமாவே சில நூறு புள்ளைங்க மட்டும் படிக்கற ஊருங்க. வயக்காடு, மாட்டுப்பண்ணை, பல மைல் பஸ் பயணம், அந்த மாதிரி இடம்.

காசு மிச்சமாச்சான்னு 2011ல உக்காந்து கணக்கு பாத்தாங்க, பெரும்பாலான இடத்துல மொத்த பட்ஜெட்ல 0.4லேந்து 2.5 சதவீதம் வரைக்கும்தான் மிஞ்சுது. ஏன்னா ஸ்கூல் செலவுல முக்கால்வாசி சம்பளம், அதை லீவு விட்டு குறைக்க முடியாதுல்ல. அப்புறம் ஏன் இன்னும் பரவுதுன்னா வாத்தியார் கிடைக்கல. சம்பளம் ஏத்திக் குடுக்க காசு இல்ல, அதுக்கு பதிலா ஒரு நாள் லீவைக் குடுத்து ஆள் புடிக்கறாங்க, அவ்ளோதான் ரகசியம். மிசோரி மாநிலத்துல இண்டிபெண்டன்ஸ்னு ஒரு ஊர், கிட்டத்தட்ட 14,000 புள்ளைங்க படிக்கற பெரிய மாவட்டம், 2023ல திங்கக்கிழமை லீவுன்னு மாத்தினாங்க, வேலைக்கு அப்ளிகேஷன் குவிஞ்சுது. ஆனா அந்த திங்கக்கிழமை சின்னப் புள்ளைய ஸ்கூல்லயே பாத்துக்கணும்னா ஒரு நாளைக்கு 30 டாலர் கட்டணும்! அடுத்த வருஷமே மாநிலத்துல சட்டம் வந்துடுச்சு, பெரிய ஊர்ங்கள்ல மக்கள் ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டாதான் நாலு நாள்னு.

படிப்பு விஷயத்துல, ஆரம்பத்துல கொலராடோ ஆய்வு ஒண்ணு கணக்கு மார்க் ஏறிருக்குன்னு கூட சொல்லுச்சு. பின்னாடி ஒரேகான்ல பெரிசா பண்ணப்போ கணக்கும் வாசிப்பும் கொஞ்சம் இறங்கிருக்குன்னு வந்துது, அதுவும் மீதி நாலு நாளை சரியா நீட்டாத இடத்துல நல்லாவே இறங்கிருக்கு. இன்னொண்ணு, கொலராடோல லீவு விட்ட மாவட்டங்கள்ல சின்னப் பசங்க பண்ற திருட்டு மாதிரி குற்றம் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறுச்சுன்னு ஒரு ஆய்வு இருக்கு. பசங்கள குத்தம் சொல்ல மாட்டேன், அப்பா அம்மா வேலைக்குப் போய்ட்டாங்க, ஸ்கூல் பூட்டிருக்கு, பதினாலு வயசுப் பையன் என்ன பண்ணுவான்?

நாலு நாள்ன்னு யார் பேசினாலும் நான் கேக்கறது இந்த ஒரு கேள்விதான், அந்த அஞ்சாவது நாள் புள்ளை எங்க இருக்கும்? மதுரைக்காரர் நீங்க கேட்டதுக்கு முழு பதில் கீழ திருப்பூர்லேந்து வந்த லெட்டர்ல இருக்கு.

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிதானுங்க, நான் செக்கிங், அவரு டெய்லர். பொண்ணு மூணாவது, பையன் ஒண்ணாவது, கார்ப்பரேஷன் ஸ்கூலு. நாலு நாள் ஸ்கூலுன்னு படிச்சவங்க எல்லாம் பேசறாங்க. அந்த ஒரு நாள் புள்ளைங்கள எங்கீங்க விடறது?
– வாசகி, திருப்பூர்

நான் நாலு பக்கம் எழுதறதை நீங்க ஒரு வரில கேட்டுட்டீங்கம்மா.

நாலு நாள் வேணும்னு எனக்கு எழுதினவங்கள்ல முக்கால்வாசிப் பேரு வீட்ல தாத்தா பாட்டி இருக்கு, இல்லன்னா அம்மா வீட்ல இருக்காங்க, இல்லன்னா வொர்க் ஃப்ரம் ஹோம். தப்பில்ல, அவங்க நிலைமைலேந்து அவங்க பேசறாங்க. ஆனா லைன் வீட்ல ஒரே ரூம், காலைல எட்டரைக்கு ரெண்டு பேரும் கம்பெனிக்குள்ள போயாகணும், பீஸ் ரேட்ல தைக்கறவர் ஒரு நாள் வீட்ல உக்காந்தா அந்த சனிக்கிழமை சம்பளக் கவர்ல அது தெரியும். அப்ப என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு ஆயாகிட்ட சாவி, பழைய செல்போன் ஒண்ணு, மூணாவது படிக்கிற பொண்ணு ஒண்ணாவது படிக்கிற தம்பிக்கு சோறு போடும். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவா? அவளுக்கு அது ட்யூட்டிம்மா. எட்டு வயசுல.

அப்புறம் சாப்பாடு. இதைப் பத்தி நாலு நாள் கோஷ்டில யாருமே பேசல, எனக்கு கொஞ்சம் கோவமே வந்துது. 2022 செப்டம்பர் 15ல மதுரைல காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் விரிஞ்சுது. மத்தியானம் சத்துணவு, 2010லேந்து வாரத்துக்கு அஞ்சு முட்டை. அஞ்சு முட்டைங்கறது அஞ்சு நாள் ஸ்கூல் இருக்கறதாலதான். ஒரு நாளை வெட்டினா வருஷத்துக்கு ஒரு புள்ளைக்கு 40 முட்டைக்கு மேல போச்சு, 40 தடவைக்கு மேல காலைப் பொங்கலோ கிச்சடியோ போச்சு, மத்தியான சோறும் போச்சு. எங்கக்கா கிராமத்துல ஈராசிரியர் பள்ளில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, அவங்க சொல்லுவாங்க, திங்கக்கிழமை மட்டும் சத்துணவு ஆயா உலைல எப்பவும் விட கொஞ்சம் அரிசி கூடப் போடுவாங்களாம். யாரும் ஆர்டர் போட்டதில்ல. சனி ஞாயிறு வீட்ல எப்படி இருந்துச்சுங்கறது திங்கக்கிழமை தட்டுல தெரியும், தட்டைத் தூக்கிட்டு ரெண்டாவது தடவை வர்ற புள்ளைங்க அன்னைக்குதான் அதிகம். ரெண்டு நாள் லீவுக்கே இப்படின்னா மூணு நாள் லீவு விட்டா அந்த ஆயா எவ்ளோ அரிசி போடணும்?

கொரோனால ஸ்கூல் மூடிக் கிடந்தப்ப பாத்தோமே. பசங்க கடைல நின்னாங்க, கட்டட வேலைக்குப் போனாங்க, சில பொண்ணுங்களுக்கு கல்யாணமே ஆயிடுச்சு, தொறந்ததும் டீச்சருங்க வீடு வீடா போய் கூப்பிட்டு வந்தாங்க. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர்கள வெச்சு தெருவுல சாயங்கால கிளாஸ் நடத்த வேண்டி வந்துச்சு. நாலு நாள் ஸ்கூல்ங்கறது அந்த அளவுக்கு மோசமில்லதான், ஒரே ஒரு நாள்தான், ஆனா அது வாரா வாரம் வரும், எந்தக் காலத்துலயும் முடியாது.

கேள்வி: ஐயா, அரை நாள் படிப்பு, மீதி அரை நாள் வீட்டுத் தொழில்னு ராஜாஜி ஒரு காலத்துல கொண்டு வந்தாரே, இப்ப பேசற நாலு நாளும் அதுவும் ஒண்ணுதானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

ஒண்ணு இல்லீங்கய்யா, ஆனா நீங்க எங்க கை வெக்கறீங்கன்னு புரியுது. இளைய வாசகர்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 1953ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப கிராமத்து தொடக்கப் பள்ளிங்கள்ல ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் கிளாஸ், ரெண்டு ஷிஃப்டா நடத்தணும், மீதி நேரம் புள்ளை அப்பா பண்ற தொழிலைக் கத்துக்கணும்னு கொண்டு வந்தார். அவர் பக்கத்து கணக்கு என்னன்னா கட்டடம் இல்ல, வாத்தியார் இல்ல, காசு இல்ல, ரெண்டு ஷிஃப்ட் போட்டா அதே வாத்தியாரை வெச்சு ரெட்டிப்பு புள்ளைங்கள சேக்கலாம். காகிதத்துல பாத்தா கணக்கு சரிதான். ஆனா மலம் அள்றவர் மகன் மீதி அரை நாள் என்ன கத்துக்குவான்? பெரியாரும் அண்ணாவும் இதுக்கு குலக்கல்வின்னு பேரு வெச்சு தெருவுல இறங்கினாங்க. திட்டத்தைக் கைவிடணும்னு சட்டசபைல வந்த தீர்மானத்துக்கு ஆதரவா 138, எதிரா 138ன்னு ஓட்டு சமமா நின்னுச்சு, காங்கிரஸ்காரங்கள்லயே நிறைய பேருக்கு புடிக்கல. 1954ல ராஜாஜி விலகி காமராஜர் வந்தார், வந்த கையோட தூக்கிட்டார். பின்னாடி அவரேதான் புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல மத்தியான சோறும் போட்டார்.

எனக்கு அந்தக் கதைல உறுத்தறது, நகராட்சி இருக்கற ஊருக்கு அந்தத் திட்டம் கிடையாது, கிராமத்துக்கு மட்டும்தான். பட்டணத்துப் புள்ளைக்கு முழு நாள், பட்டிக்காட்டுப் புள்ளைக்கு அரை நாள். இன்னைக்கு நாலு நாள்னு சொல்றவங்க மனசுல அப்படி எதுவும் இல்லதான். ஆனா நாளைக்கே கொண்டு வந்தா என்ன ஆகும் பாருங்க, அரசுப் பள்ளி நாலு நாள், பக்கத்துல இருக்கற பிரைவேட் ஸ்கூல் "ஸ்பெஷல் கிளாஸ்"னு ஆறு நாள் நடத்தும். பத்தாவதுல ரெண்டு பேரும் ஒரே கேள்வித்தாள்தானே எழுதணும்.

கேள்வி: அண்ணா, நாங்க ஷார்ஜால இருக்கோம். இங்க 2022 ஜனவரிலேந்து ஸ்கூல் நாலு நாள்தான், வெள்ளி சனி ஞாயிறு லீவு. ஒண்ணும் குடி முழுகிடல, பசங்க சந்தோஷமாதான் இருக்காங்க. நீங்க ஏன் இவ்ளோ பயப்படறீங்க?
– வாசகி, ஷார்ஜா

பயமெல்லாம் இல்லம்மா, பொறாமைதான்! ஷார்ஜால ஸ்கூல் மட்டும் மாறல, அரசாங்க ஆபீஸும் அதே மூணு நாள் லீவுக்கு மாறுச்சு, அதுதான் முக்கியம். அங்கயும் துபாய்ல பிரைவேட் கம்பெனில வேலை பாக்கறவங்க வீட்ல வெள்ளிக்கிழமை என்ன நடக்குதுன்னு உங்க பில்டிங்லயே நாலு ஃப்ளாட் தள்ளிக் கேட்டுப் பாருங்க. நீங்களே லெட்டர் கடைசில "வெள்ளிக்கிழமை காலைல மேத்ஸ் டியூஷன், சாயங்காலம் கராத்தே"ன்னு எழுதிருக்கீங்க, அதை நான் மேல வெட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல, ஜப்பான்ல நாடு முழுக்க நடந்த கதை. அங்க சனிக்கிழமையும் ஸ்கூல் இருந்துச்சு, 1992ல மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை லீவு, 1995ல ரெண்டு, 2002லேந்து எல்லா சனிக்கிழமையும் லீவுன்னு பொறுமையா பத்து வருஷம் எடுத்து மாத்தினாங்க, பாடத்தையும் குறைச்சாங்க, புள்ளைங்க மூச்சு விடட்டும்னு. அடுத்த வருஷமே பீசான்னு பல நாட்டுப் பசங்களுக்கும் பொதுவா வெக்கற பரீட்சைல கணக்குல முதலிடத்துலேந்து ஆறாவதுக்கும் வாசிப்புல எட்டுலேந்து 14க்கும் இறங்கினாங்க, நாடே பதறிப் போச்சு. லீவு விட்டதாலதான் இறங்குச்சான்னு இன்னும் சண்டை ஓடுது, ஆனா பாடப் புத்தகம் மறுபடி தடிச்சுப் போச்சு. காசு இருக்கற வீட்டுப் புள்ளை சனிக்கிழமை ஜுக்குன்னு சொல்ற டியூஷன் சென்டருக்குப் போச்சு, இல்லாத வீட்டுப் புள்ளை வீட்ல இருந்துச்சு. தென் கொரியா 2012ல முழுசா அஞ்சு நாளுக்கு வந்தாங்க, அங்க டியூஷன் சென்டர் ராஜ்ஜியம் எப்படின்னு கே-டிராமா பாக்கற உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊரை கேக்கவே வேணாம். ஆறாவதுலேந்தே நீட் ஃபவுண்டேஷன்னு போர்டு தொங்குது. அரசாங்கம் ஒரு நாளை விட்டா அதைப் புடிக்க வாசல்லயே ஆள் நிக்குது.

கேள்வி: அண்ணை, எங்கட பக்கம் 2022ல பெற்றோல் இல்லாமல் கிழமைக்கு மூண்டு நாள்தான் பள்ளிக்கூடம் நடந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல.
– வாசகர், யாழ்ப்பாணம்

கதைக்க வேண்டியதுதான். 2022 ஜூலை கடைசில இலங்கைல பள்ளிக்கூடம் தொறந்தப்ப திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும்னு வெச்சாங்க, டீச்சரும் புள்ளையும் வந்து சேர பஸ் ஓடணும்ல, பஸ்ஸுக்கு எண்ணெய் இல்ல. மீதி நாள் ஆன்லைன்னு சொன்னாங்க, கரண்ட் கட்டான ஊர்ல ஆன்லைன். கொரோனால மூடினது போதாதுன்னு அது வேற. நீங்க அனுப்பின லெட்டர்ல உங்க மகள் பக்கத்து வீட்டு பெரிய அக்காகிட்ட உக்காந்து படிச்சதை எழுதிருந்தீங்க, அந்த மாதிரி அக்கா இல்லாத வீடுங்கதான் எனக்கு ஞாபகம் வருது.

கேள்வி: சார், எல்லாரும் புள்ளைங்களப் பத்தியே பேசறீங்க. டீச்சருக்கு லீவே வேணாமா? சனிக்கிழமை ஸ்கூல் இல்லன்னா ட்ரெயினிங், ட்ரெயினிங் இல்லன்னா எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவேட்டுல, ஏத்தற வேலை. நாலு நாள் வந்தா நாங்களாவது பொழைப்போம்.
– அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

டீச்சர், உங்க கோவம் நியாயம். அட்டெண்டன்ஸ் ஆப்ல, சின்ன கிளாஸுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தோட மதிப்பீடு ஆப்ல, செருப்பு சைஸ் ஏத்தணும், புள்ளையோட எடை உயரம் ஏத்தணும், சர்வர் வேற சுத்திக்கிட்டே இருக்கும். கிளாஸ்ல நாப்பது புள்ளைங்க கத்திக்கிட்டு இருக்கும், டீச்சர் ஜன்னல் பக்கத்துல நின்னு செல்லைத் தூக்கிப் புடிச்சு டவர் தேடுவாங்க. ஈராசிரியர் பள்ளில ஒருத்தர் ட்ரெயினிங் போனா இன்னொருத்தர் அஞ்சு கிளாஸையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கணும், அன்னைக்கு பாடம் நடந்ததுன்னு எழுதறதுதான் பாடம்.

அதே கல்வி உரிமைச் சட்ட அட்டவணைல இன்னொரு வரியும் இருக்கு, டீச்சருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், பாடம் தயார் பண்ற நேரத்தையும் சேத்துன்னு. அந்த தயாரிப்பு நேரத்தை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா? அதே சட்டம் 27வது பிரிவுல கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலைக்கு டீச்சரை அனுப்பக் கூடாதுன்னும் சொல்லுது. நீங்க கேக்க வேண்டியது வெள்ளிக்கிழமை லீவு இல்ல டீச்சர், சட்டத்துல ஏற்கனவே உங்க பேர்ல எழுதி வெச்ச மணி நேரம்.

என்னைக் கேட்டா சனிக்கிழமைய புள்ளைங்களுக்கு முழுசா விட்றணும், பிரைவேட் ஸ்கூலுக்கும் சேத்து, ஸ்பெஷல் கிளாஸ் கிடையாதுன்னு கண்டிப்பா சொல்லணும். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை டீச்சருங்க மட்டும் வரட்டும், அரை நாள், பாடம் தயார் பண்ண, நோட்டு திருத்த, அவ்ளோதான், ட்ரெயினிங்குன்னு பஸ் ஏத்தக் கூடாது. எமிஸ்ல ஏத்தறதுக்கு நாலு ஸ்கூலுக்கு ஒரு ஆள் போட்டா போதும், படிச்சுட்டு வேலை இல்லாத பசங்க ஊருக்கு பத்து பேர் இருக்காங்க. வேலை நாள் எண்ணிக்கை இடிச்சா எல்லா கிளாஸுக்கும் 200ன்னு சட்டத்தைத் திருத்தட்டும், மணி நேரம்தான் இருக்கே. திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும் மட்டும் யாரும் கை வெக்க வேணாம்.

கேள்வி: அங்கிள், நான் ஏழாவது படிக்கிறேன். சனிக்கிழமை லீவு வந்தா என்னை அபாகஸ்லயும் கீபோர்டு கிளாஸ்லயும் சேத்துடுவேன்னு எங்கம்மா சொல்றாங்க. தயவு செஞ்சு லீவு வேணாம்னு எழுதுங்க.
– மாணவன், கும்பகோணம்

நான் வேணும்னு மேல எழுதி முடிச்சு ஃபார்மும் பிரஸ்ஸுக்குப் போயாச்சு தம்பி. இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டு புக்கை அம்மாகிட்ட குடு.